மறதியில் மலர்ந்த காதல்

1982ஆம் ஆண்டு பாலு மகேந்திரா இயக்கத்தில் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’, மனித நினைவைப் பற்றிய மிகச் சிறந்த தமிழ்க் காதல் படங்களுள் ஒன்று. கார் விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண், தன் பழைய நினைவுகளை இழந்து சிறுமியின் மனநிலைக்குத் திரும்பிவிடுகிறாள். விபத்துக்கு முந்தைய நினைவுகள் அழிந்துபோவதை மருத்துவம் பின்னோக்கிய மறதி என்கிறது. ஊட்டியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் சீனு, அவளைக் குழந்தையைப் போலப் பேணிக் காக்கிறான்.

சிகிச்சையால் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால், இடைப்பட்ட காலமும் அதனோடு சீனுவும் அவள் மனத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். கொட்டும் மழையில், ரயில் நிலையத்தில், நொண்டியபடியே குரங்கு வித்தை காட்டி நினைவூட்டப் பார்க்கிறான் சீனு. ரயிலுக்குள் இருப்பவளோ அவனைப் பிச்சைக்காரன் என்று எண்ணிவிடுகிறாள். ஒருவர் மறந்த பின்னும் மற்றவர் நெஞ்சில் அன்பு மாறாமல் நிற்கும் என்பதை அந்தக் காட்சி உணர்த்துகிறது.

இப்படம் சீனுவாக நடித்த கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான முதல் தேசிய விருதையும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. 1983இல் கமல்ஹாசன், அந்த இளம்பெண்ணாக நடித்த ஸ்ரீதேவி இருவருமே நடிக்க, ‘சத்மா’ என்ற பெயரில் இந்தியிலும் வெளியானது.