மீள்மின்னேற்ற மின்கலங்களின் பாவனையில் விழிப்புணர்வு அவசியம்

லித்தியம் அயன் மின்கலம் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி, பவர் பாங்க், மின்னேற்றக்கூடிய டோர்ச், மேசை விசிறி என எமது அன்றாடப் பாவனைப் பொருட்கள் பலவும் இம்மின்கலத்தையே நம்பி இயங்குகின்றன. 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக வர்த்தக ரீதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்திற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய பெருமைக்குரிய இக்கண்டுபிடிப்பு, பிழையாகத் தெரிவு செய்யப்பட்டாலோ பிழையாக மின்னேற்றப்பட்டாலோ சில விநாடிகளில் தீப்பிழம்பாக மாறவல்லது என்பதை எம்மில் பலர் இன்னமும் உணர்ந்து கொள்ளவில்லை.

இவ்வாபத்தின் தன்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியிருப்பது 'வேப்' என அழைக்கப்படும் இலத்திரனியல் சிகரெட்டுகள் தொடர்பான அனுபவமாகும். ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2009 ஜனவரி முதல் 2016 டிசம்பர் வரையான காலப்பகுதியில் அந்நாட்டில் இச்சாதனங்கள் தீப்பற்றிய அல்லது வெடித்த 195 சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 133 பேர் காயமடைந்துள்ளனர். 38 பேரின் காயங்கள் பாரதூரமானவை. 61 சம்பவங்கள் சட்டைப்பையிலோ காற்சட்டைப்பையிலோ சாதனம் இருந்தபோதும், 60 சம்பவங்கள் அதனைப் பாவித்துக் கொண்டிருந்தபோதும், 48 சம்பவங்கள் மின்னேற்றும்போதும் நிகழ்ந்துள்ளன. இக்காலப்பகுதியில் உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. எனினும் 2018 இல் புளோரிடா மாநிலத்திலும் 2019 இல் டெக்ஸாஸ் மாநிலத்திலும் சாதனம் வெடித்ததால் ஒவ்வொருவர் உயிரிழந்தனர்.

இப்பழக்கத்தை நாம் எவ்வகையிலும் ஊக்குவிக்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்த விரும்புகின்றோம். நிக்கொட்டின் மனிதனை அடிமைப்படுத்தும் பொருள் என்பதில் ஐயமில்லை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின் கீழ் 2016 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளைத் தடைசெய்துள்ளன. அவ்வாறாயின் இவ்விடயம் எமக்கு எதற்கு என்ற வினா எழலாம். அச்சாதனங்களில் வெடித்தது சிகரெட் அல்ல. அதனுள் இருந்த மின்கலமே. அதே வகை மின்கலம் எமது டோர்ச்சினுள்ளும் பவர் பாங்க்கினுள்ளும் இருக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில், இவ்வாறான பொருட்களை நாடாத குடும்பங்கள் சிலவே. அன்று அவசரத்தில் வாங்கப்பட்டவற்றில் பல இன்றும் வீடுகளில் பாவனையில் உள்ளன.

ஆபத்து எவ்வாறு தோன்றுகின்றது என்பதை விளங்கிக் கொண்டால் தற்காப்பு இலகுவாகும். மின்கலத்தினுள் நேர்முனைத் தகடும் மறைமுனைத் தகடும் மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமொன்றினால் பிரிக்கப்பட்டுச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றக்கூடிய திரவமாகும். அளவுக்கு மீறிய மின்னேற்றம், குறுஞ்சுற்று, நசுக்கம், கடும் வெப்பம் ஆகியவற்றில் ஏதேனுமொன்றால் படலம் சிதையுமாயின் உள்ளே வெப்பம் எழும். அவ்வெப்பம் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும்; அத்தாக்கங்கள் மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வாறு கட்டுமீறிச் செல்லும் வெப்பப் பெருக்கத்தை இடைநடுவில் நிறுத்துவது மிகக் கடினம். உருளை வடிவ மின்கலத்தில் பலவீனமான பகுதி அதன் முனையாகும். குழாய் போன்ற சாதனமொன்றினுள் அது அடைக்கப்பட்டிருக்கும்போது, முனை பிளந்து வெளியேறும் வாயு மின்கலத்தையோ சாதனத்தையோ வாணம் போல் பாய்ச்சிவிடும். முகத்தருகே வைத்துப் பாவிக்கப்படும் பொருளொன்றில் இதன் விளைவு எத்தகையது என்பதை விபரிக்க வேண்டியதில்லை.

கையடக்கத் தொலைபேசியிலும் இதே இரசாயனம்தானே உள்ளது, அது ஏன் அடிக்கடி வெடிப்பதில்லை எனக் கேட்கலாம். தொலைபேசியினுள் மின்கலத்திற்குக் காவலாக ஓர் இலத்திரனியல் சுற்று அமர்த்தப்பட்டுள்ளது. மின்னழுத்தம் கூடினாலும், வரம்புக்குக் கீழே குறைந்தாலும், மின்னோட்டம் மிகுந்தாலும் அச்சுற்று இணைப்பைத் துண்டிக்கின்றது. தனித்து விற்கப்படும் வெற்று மின்கலங்கள் பலவற்றில் அக்காவல் இல்லை. அதனை வாங்கி வேறொரு சாதனத்தில் இடுபவர், தாம் அறியாமலேயே காவலாளியின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கின்றார். ஐக்கிய அமெரிக்கப் பாவனையாளர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 ஜனவரியில் விடுத்த எச்சரிக்கையின் சாரமும் இதுவே. மடிக்கணினி போன்றவற்றின் மின்கலத் தொகுதிகளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் 18650 வகை மின்கலங்களைத் தனியாக வாங்கவோ பாவிக்கவோ வேண்டாம் என அவ்வாணைக்குழு பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது.

இந்த 18650 என்ற இலக்கம் குறித்துச் சிறிது விளக்குவது பொருத்தமானது. முதல் இரண்டு இலக்கங்கள் மின்கலத்தின் விட்டம் 18 மில்லிமீற்றர் என்பதையும், அடுத்த இரண்டும் அதன் நீளம் 65 மில்லிமீற்றர் என்பதையும், இறுதிப் பூச்சியம் அது உருளை வடிவானது என்பதையும் குறிக்கின்றன. இவ்விலக்கம் அளவை மட்டுமே கூறுகின்றது. தரத்தையோ வலுவையோ அன்று. ஒரே அளவிலான இரு மின்கலங்கள் இயல்பில் முற்றிலும் வேறுபட்டவையாக இருக்கலாம்.

கொள்வனவின்போது முதலில் நோக்க வேண்டியது கொள்ளளவாகும். இவ்வகை மின்கலமொன்றின் உண்மையான கொள்ளளவு ஏறக்குறைய 3,500 மில்லி அம்பியர் மணியைத் தாண்டுவதில்லை. ஆயினும் 5,000 என்றும் 9,900 என்றும் அச்சிடப்பட்ட உறைகளுடன் மின்கலங்கள் விற்கப்படுகின்றன. அத்தகைய இலக்கத்தைக் கண்ட மாத்திரத்தில் அப்பொருளை வாங்காது விடுவதே அறிவுடைமை. கொள்ளளவில் பொய் கூறும் விற்பனையாளர் பாதுகாப்பில் மெய் கூறுவார் என நம்புவதற்கு இடமில்லை. பழைய மின்கலங்களுக்குப் புதிய உறையிட்டு விற்கும் வழக்கமும் உண்டு.

இரண்டாவதாக நோக்க வேண்டியது, மின்கலம் இடையறாது வழங்கக்கூடிய உச்ச மின்னோட்டமாகும். பொதுவாகக் கொள்ளளவு கூடிய மின்கலம் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும். 3,500 மில்லி அம்பியர் மணி கொண்டது 8 முதல் 10 அம்பியர் வரையிலும், 2,500 மில்லி அம்பியர் மணி கொண்ட உயர் மின்னோட்ட வகை 20 அம்பியர் வரையிலும் தாங்குவதுண்டு. பாடசாலையில் நாம் கற்ற ஓமின் விதி இங்கு கைகொடுக்கின்றது. முழுமையாக மின்னேற்றப்பட்ட மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று. அது 0.5 ஓம் தடையுள்ள கம்பிச்சுருளொன்றுடன் நேரடியாக இணைக்கப்பட்டால் பாயும் மின்னோட்டம் 8.4 அம்பியர். தடை 0.2 ஓமாகக் குறைந்தால் அது 21 அம்பியராக உயர்ந்துவிடும். அதாவது 20 அம்பியர் வகை மின்கலத்தின் எல்லையே மீறப்படுகின்றது. கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத வேப் சாதனங்களில் நேர்ந்த விபத்துகளுக்கு இவ்வெளிய கணக்கு அலட்சியம் செய்யப்பட்டமை ஒரு பிரதான காரணமாகும்.

மூன்றாவதாக, மின்கலத்தின் வெளியுறையை அவதானிக்க வேண்டும். உருளையின் அடிப்பகுதி மாத்திரமன்றிப் பக்கச் சுவர் முழுவதுமே மறைமுனையாகும். நேர்முனைக்கும் அச்சுவருக்கும் இடையே இருப்பது மெல்லியதொரு பிளாஸ்டிக் உறையும் சிறியதொரு காப்பு வளையமுமே. உறை கிழிந்தோ, உடல் நசுங்கியோ காணப்படும் மின்கலத்தை மேலும் பாவிக்கலாகாது. நாணயங்களும் சாவிக்கொத்தும் உள்ள பையில் உதிரி மின்கலத்தை இடுவது, தீப்பெட்டியை உரசியபடி நடப்பதற்கு ஒப்பானது. பிளாஸ்டிக் பெட்டியொன்றில் வைத்தே அதனை எடுத்துச் செல்ல வேண்டும். இரு மின்கலங்கள் தேவைப்படும் சாதனத்தில் ஒரே தயாரிப்பைச் சேர்ந்த, ஒரே வயதுடைய இரண்டையே எப்போதும் சேர்த்துப் பாவித்தலும் சேர்த்து மின்னேற்றலும் வேண்டும். புதியதுடன் பழையதைக் கலந்தால் வலுக்குன்றியது வரம்புக்குக் கீழே வெறுமையாக்கப்பட்டுச் சிதையும்.

இனி மின்னேற்றம். லித்தியம் அயன் மின்கலத்தை மின்னேற்றுவதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. தொடக்கத்தில் மாறா மின்னோட்டத்தில் மின்னேற்றி, அழுத்தம் 4.2 வோல்ற்றை எட்டியதும் அவ்வழுத்தத்தை நிலையாகப் பேணி, மின்னோட்டம் தானாகக் குறைந்ததும் மின்னேற்றி நின்றுவிட வேண்டும். தரமான மின்னேற்றி இதனைப் பிசகின்றிச் செய்யும். நிக்கல் மின்கலங்களுக்கான பழைய மின்னேற்றியோ, பெயர் விலாசமற்ற மலிவான மின்னேற்றியோ இதனைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 3.2 வோல்ற்று லித்தியம் இரும்பு பொசுபேற்று மின்கலத்தின் உச்ச அழுத்தம் 3.65 வோல்ற்று மட்டுமே என்பதால், வகையறிந்து மின்னேற்றியைத் தெரிவு செய்வது இன்றியமையாதது. செருகி பொருந்துகின்றது என்பது மின்னேற்றியும் பொருந்துகின்றது என்பதற்குச் சான்றாகாது. சாதாரண 18650 மின்கலமொன்றுக்கு 1 அம்பியர் மின்னோட்டம் போதுமானது; அவசரம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும்.

எங்கே, எப்போது மின்னேற்றுகின்றோம் என்பதும் முக்கியமானது. படுக்கை, தலையணை, மெத்தை ஆகியவற்றின் மீது வைத்து மின்னேற்றுவதையும், குடும்பமே உறங்கும் வேளையில் இரவு முழுவதும் இணைத்து விடுவதையும் முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். சீமெந்துத் தரை, ஓட்டுத் தரை போன்ற தீப்பற்றாத மேற்பரப்பில், விழித்திருக்கும் நேரத்தில், திரைச்சீலைக்கும் வெளியேறும் வாசலுக்கும் அப்பால் வைத்து மின்னேற்றுவதே பாதுகாப்பானது. இம்மின்கலங்களை மின்னேற்றுவதற்கான உச்ச வெப்பநிலை பொதுவாக 45 பாகை செல்சியஸ் ஆகும். கடும் கோடையில் 35 பாகையைத் தொடும் எமது உலர்வலயப் பிரதேசங்களில், வெயிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தின் உட்புறம் அவ்வெல்லையை இலகுவில் கடந்துவிடும். ஊதிப்பெருத்த, கசிவுள்ள, மின்னேற்றும்போது கை வைக்க முடியாதவாறு சுடும் மின்கலத்தை உடனடியாகக் கைவிட வேண்டும். பல மாதங்கள் வெறுமையாகக் கிடந்து 2.5 வோல்ற்றுக்கு வெகு கீழே இறங்கிவிட்ட மின்கலத்தை உயிர்ப்பிக்க முயல்வதும் ஆபத்தானது.

வெளிநாட்டுத் தொழிலுக்காகவும் உம்றா, ஹஜ் கடமைகளுக்காகவும், புலம்பெயர்ந்த உறவினரைக் காண்பதற்காகவும் விமானம் ஏறுவோர் எம்மவரில் ஏராளம். உதிரி மின்கலம், பவர் பாங்க் ஆகியவற்றைச் சரக்கறைக்குச் செல்லும் பொதியில் இடக்கூடாது. கைப்பொதியிலேயே கொண்டு செல்ல வேண்டும். 100 வாற்று மணி என்பது பொது எல்லையாகும். 20,000 மில்லி அம்பியர் மணி கொண்ட பவர் பாங்க்கை 3.7 வோல்ற்றால் பெருக்கினால் 74 வாற்று மணி கிடைக்கும். அது எல்லைக்கு உட்பட்டதே. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் புசான் விமானமொன்று தீக்கிரையானது. அதிலிருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பாங்க் ஒன்றே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என விசாரணையாளர்கள் கருதினர். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் முதலாம் திகதி முதல் விமானத்தினுள் பவர் பாங்க் பாவிப்பதைத் தடைசெய்தது.

தீ ஏற்படுமாயின் முதலில் ஆட்கள் அகல வேண்டும். இணைக்கப்பட்டிருந்தால், அணுகக்கூடிய நிலையில் பிரதான மின்னாளியை நிறுத்த வேண்டும். எழும் புகை நச்சுத்தன்மை வாய்ந்தது. சிறிய சாதனமாயின் அதிகளவு நீர் ஊற்றிக் குளிர்விப்பதே பயன்தரும். சுவாலை அணைந்த பின்னரும் வெப்பம் தணியாவிடின் மீண்டும் பற்றக்கூடும். எரியும் சாதனத்தைக் கையிலெடுத்து ஓடக்கூடாது. பழுதடைந்த மின்கலங்களை வளவில் குப்பையுடன் சேர்த்துக் கொளுத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, இலத்திரனியல் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே உரிய வழியாகும்.

பாவனையாளரின் அவதானம் மாத்திரம் போதுமானதன்று. ஒரு பொருளைத் தடைசெய்வதுடன் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தடைசெய்யப்பட்ட வேப் சாதனம் மறைவாகக் கைமாறும்போது, அதற்கு உத்தரவாதமுமில்லை, பாவனை அறிவுறுத்தலுமில்லை, விபத்து நேர்ந்தால் முறையிடுவதற்கு இடமுமில்லை. இளைஞர்கள் அதனைப் பெற்றோருக்கு மறைத்து, படுக்கைக்கடியில் மின்னேற்றும் நிலை இரட்டிப்பு ஆபத்தானது. எனவே தடையைச் செவ்வனே அமுலாக்குவதுடன், சட்டபூர்வமாகவே விற்கப்படும் மின்கலங்கள், பவர் பாங்க்குகள், மின்னேற்றிகள் ஆகியவற்றின் தரத்தையும் சுங்கத் திணைக்களம், இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஆகியவை இணைந்து கண்காணிக்க வேண்டும். பொய்யான கொள்ளளவு அச்சிடப்பட்ட மின்கலத்தை இனங்காண்பதற்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. உறையில் உள்ள இலக்கத்தை வாசித்தாலே போதும். அதனைக்கூடச் செய்யாதிருப்பதற்கு நியாயம் கூற முடியாது.

சில நூறு ரூபாவை மீதப்படுத்துவதற்காக வாங்கப்படும் மலிவான மின்கலம், ஒரு குடும்பத்தின் வீட்டையோ ஒரு பிள்ளையின் கண்பார்வையையோ விலையாகக் கேட்கக்கூடும். வாங்குமுன் இலக்கத்தை வாசிப்பதும், உறங்குமுன் மின்னேற்றியைக் கழற்றுவதும் பணச்செலவற்ற இரு பழக்கங்களாகும். இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே நடைமுறைப்படுத்துமாறு எமது வாசகர்களை வேண்டுகின்றோம்.