எந்த விதிநூலில் தொடங்கலாம்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தொடக்கத்தில் நாலு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகம் கொண்ட கட்டையை உருட்டிவிட்டுக் கத்துவார்களே, அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். "பிள்ளைங்க கேக்கறாங்க, எந்தப் புத்தகம் வாங்கறது?" என்று அண்மையில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள்.

முதலில், இது என்ன ஆட்டம்? கோயிலிலிருந்து கோட்டைக்குச் சுரங்கம் போகிறது என்ற கதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. என்ன கண்ணில் படுகிறது என்று நடத்துபவர் சொல்வார், என்ன செய்கிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்ட வேண்டியதுதான்.

ஜெயிப்பது யார்? யாரும் இல்லை. எல்லோரும் ஒரே கட்சி. பணம் வைத்து ஆடுவதும் கிடையாது.

அப்படியானால் பரமபதம் மாதிரியா? இல்லை. பரமபதத்தில் கட்டை விழுந்தபடி ஏறுவீர்கள், பாம்பு கடித்தால் இறங்குவீர்கள், உங்கள் மூளைக்கு அங்கே வேலையே கிடையாது. இங்கே ஏணியில் ஏறலாம், ஏணியை உடைத்து விறகாக்கலாம், பாம்பிடம் பேசியும் பார்க்கலாம்.

'பழைய பாணி' என்கிறார்களே, அது எது? 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு முதன்முதலில் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். அச்சடித்தது ஆயிரம் பெட்டி. இன்று அதே ஆட்டத்தின் புதுப் பதிப்பை முழுதாக வாங்கினால் முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் மூன்று கைக்கு வரும். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த விதிநூல்களையும், அவற்றை இன்று திருத்தி எழுதியவற்றையும் சேர்த்துப் பழைய பாணி என்கிறார்கள்.

பழையதில் என்ன விசேஷம்? விதி குறைவு. அது நமக்குப் பழக்கமான விஷயம்தான். மாட வீதிச் சந்தில் கிரிக்கெட் ஆடியவருக்கு விளக்கவே வேண்டாம். எதிர்வீட்டுக்குள் பந்து போனால் அவுட், ஒரு பிட்ச் விழுந்து ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். இதையெல்லாம் எந்த நூலும் சொல்லவில்லை, அங்கேயே முடிவு செய்தோம். பழைய பாணியிலும் நூல் பேசாத இடத்தில் நடத்துபவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் ஓரவஞ்சனை செய்தால் ஆட்டம் அழுகுணி ஆகிவிடும் என்பதும் அதே சந்தில் நாம் கற்றதுதான்.

சரி, மேசையில் இதனால் என்ன மாறும்? நிறைய மாறும். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1981இல் டாம் மோல்ட்வே திருத்திய 64 பக்க 'பேசிக்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிக்காரர்கள் அதிகம் கொண்டாடுவது இதைத்தான். இதில் வலிமை, அறிவு முதலான ஆறு குணங்களுக்கும் மூன்று சாதாரணக் கட்டையை வரிசையாக உருட்டி, விழுந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். மந்திரவாதியின் ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி, எத்தனை அடி தாங்குவான் என்ற கணக்கு) தொடக்கத்தில் நாலு முகக் கட்டை ஒன்றின் விழுச்சி. அதாவது அவன் உயிர் ஒரு தாயக்கட்டை. ஆயுதம் எதுவானாலும் அடி ஆறு முகக் கட்டை. ஒரே அடியில் ஆள் காலி.

அடுத்தது தங்கம். அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி சொற்பம். சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2000 புள்ளி வேண்டும், திருடனுக்கு 1200 போதும். உயிர் கொஞ்சம், சண்டைக்குக் கூலியும் கொஞ்சம் என்றால் யாராவது வாளை உருவுவார்களா? ஏமாற்றுவார்கள், பேரம் பேசுவார்கள், பின்வாசல் தேடுவார்கள்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். மந்தைவெளியில் அத்தை வீடு. காய்ந்த தெப்பக்குளத்தின் அடியில் சுரங்கம். முனையில் ஓர் அரக்கன் உட்கார்ந்திருக்கிறான். பையன் வாளை எடுக்கப்போனான்.

"இருடா. மூட்டையில என்ன இருக்கு?" என்றார் அத்தை.

"சாப்பாடு இருக்கு. ஆனா அத்தை, அது ராட்சசன்! வெட்டிடுவான்!"

"புளியோதரைன்னு வச்சுக்கோ. அவன் முன்னாடி வச்சுட்டு ரெண்டு அடி பின்னாடி வா."

இதற்கு 1981 நூலில் ரியாக்‌ஷன் ரோல் (எதிரில் வருபவர் மனநிலையைப் பார்க்கும் உருட்டு) என்று ஒரு விதி உண்டு. இரண்டு கட்டை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் உடனே பாய்வான், 12 விழுந்தால் நண்பனே ஆகிவிடுவான். 9 விழுந்தது. தாக்க மாட்டான், சொல்வதைக் கேட்பான். அத்தை அவனிடம் வழி கேட்டு, புதையல் இருக்கும் அறைக்கே போய்ச் சேர்ந்தார். தடித்த நூல்களில் சண்டைக்கு ஒதுக்கிய பக்கங்களை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நல்ல நூல் என்றால் அதையே வாங்கலாமே? பிடிஎஃப் ஆக இன்றும் விற்கிறார்கள். ஆனால் அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மனிதனாக இருந்தால் வீரன், திருடன் என்று தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். குள்ளனாகவோ எல்ஃப் ஆகவோ பிறந்துவிட்டால் அந்தப் பிறப்பேதான் தொழில். பிறப்போடு தொழிலை ஒட்டிவைக்கும் ஏற்பாட்டை விளையாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாற்று 'பேசிக் ஃபேன்டசி'. கிறிஸ் கோனர்மேன் என்பவர் தொடங்கியது. பழைய விதிகளின் எளிமை அப்படியே இருக்கும், பிறப்பு வேறு, தொழில் வேறு. இன்னொரு சிக்கலும் தீர்ந்திருக்கும். பழைய நூல்களில் ஆர்மர் கிளாஸ் (கவசத்தின் தரம்) எண் குறையக் குறையக் கவசம் பலம் என்று தலைகீழாக இருக்கும். இதில் எண் கூடினால் பலம். தங்கத்துக்குப் புள்ளி என்பது மட்டும் இதில் கட்டாய விதி கிடையாது. அதை நான் 1981இலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறேன். நீங்களும் சேருங்கள், இல்லையென்றால் புளியோதரைக்கு வேலை இருக்காது.

விலை? இலவசம். நகலெடுக்கவும் அனுமதி உண்டு. லஸ் பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கொரு பிரதி வேண்டாம், நடத்துபவரிடம் ஒன்று இருந்தால் போதும்.

ஒருவர் நூலை இன்னொருவர் திருத்தி எழுதலாமா? 1997இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2000இல் அவர்கள் அடிப்படை விதிகளை எடுத்தாள ஒரு திறந்த உரிமம் கொடுத்தார்கள். அந்த வாசல் வழியாகத்தான் பேசிக் ஃபேன்டசி, ஓஸ்ரிக், லாபிரிந்த் லார்ட், ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி எல்லாம் வந்தன. பெயர்கள் மிரட்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குழம்பு, தாளிப்புதான் வேறு.

அதுவும் அதிகம் என்பவருக்கு? 'கெர்ன்'. யோஹாய் கால் 2020இல் வெளியிட்ட மெல்லிய நூல், இதுவும் இலவசம். குணம் மூன்றுதான். அடி விழுமா என்று உருட்டவே வேண்டாம், எவ்வளவு அடி என்று மட்டும் உருட்டினால் போதும். ஆளுக்குப் பத்துச் சாமான்தான் தூக்க முடியும், களைப்பு வந்தால் அதுவும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். 'கயிறா, சாப்பாடா?' என்ற சண்டையிலேயே பாதி ஆட்டம் போய்விடும். தி.நகர் ரயிலடிக் கூட்டத்தில் பையோடு நசுங்கியவருக்கு இந்த விதி உடனே புரியும். விருந்தாளிகளோடு ஒரே ஒரு சாயங்காலம் ஆட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் லூடோ கட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்'. கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் எழுதியது, ஆறு முகக் கட்டை மட்டும் போதும். மதிப்பெண் சதவீதம் பிடித்த வீடாக இருந்தால் 1978இன் 'ரூன்குவெஸ்ட்'. ஈட்டி எறிவதில் 45 சதவீதம் என்றால் நூறுக்குள் 45 வரை விழ வேண்டும். நல்ல நூல்தான், ஆனால் கணக்குப் பார்த்தே பொழுது போய்விடும். கூட ஆட ஆள் இல்லையா? ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982இல் எழுதிய 'த வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' போதும். எண்ணிட்ட நானூறு பத்திகள், இரண்டு கட்டை, ஒரு பென்சில்.

எதைத் தொட வேண்டாம்? முதல் தடவையிலேயே 'அட்வான்ஸ்ட்' (1977 முதல் 1979 வரை மூன்று நூல்களாக வந்த பெரிய பதிப்பு) வேண்டாம். நான் செய்த தப்பு அதுதான். அடையாற்றில் ஒரு மொட்டை மாடியில் ஆறு பேரைக் கூட்டி, ஆயுத அட்டவணையை விளக்க ஆரம்பித்தேன். எட்டு மணிக்கு இரண்டு பேருக்குத்தான் வேடம் தயாராகி இருந்தது. மீதிப் பேர் கீழே மேட்ச் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த விசித்திரக் கட்டைகளுக்கு எங்கே போவது? 4, 6, 8, 10, 12, 20 முகம் கொண்ட தொகுப்பு இணையக் கடைகளில் கிடைக்கும். அதுவரை சீட்டு போதும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1979 வாக்கில் கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெளியீட்டாளர்களே பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் போட்டு, குலுக்கி எடுக்கச் சொன்னார்கள். நம் ஊர்த் திருவுளச்சீட்டுதான்.

தாயக்கட்டை இருந்தால் இன்னும் ருசி. ஒரு கட்டைக்கு நாலு முகம்: 1, 2, 3, வெறுமை. வெறுமையை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வேண்டுமானால் கூடவே லூடோ கட்டையை உருட்டுங்கள். தாயக்கட்டையில் 1 என்றால் லூடோ எண் அப்படியே. 2 என்றால் ஐந்து கூட்டுங்கள். 3 என்றால் பத்து. வெறுமை என்றால் பதினைந்து. லூடோவில் 6 விழுந்தால் மட்டும் அதைத் திரும்ப உருட்டுங்கள். பித்தளைக் கட்டை கையால் ராவியது, எல்லா முகமும் சமமாக விழும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பொம்மைகள் வாங்க வேண்டுமா? கொலுப் பெட்டியைத் திறங்கள். செட்டியார் பொம்மை கடைக்காரர் ஆகலாம், காது உடைந்த யானை காவல் மிருகம் ஆகலாம். கைகாக்ஸும் இதைத்தான் செய்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' உட்படப் பிரபலமான சில மிருகங்கள் அவர் மலிவு விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை.

நம் சாமிகளை வைத்து விளையாடுகிறார்களாமே? உண்மைதான். 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்திரனுக்கும் அக்னிக்கும் உயிர்ப்புள்ளி போட்டிருக்கிறார்கள். 1977 நூலில் ராட்சசன் புலித்தலையோடு உட்கார்ந்து பைப் புகைக்கிறான். மந்திரித்த அம்பு ஒன்று பட்டால் செத்துப்போவான். ராமாயணம் கேட்ட வீட்டுக்கு இது சிரிப்பாக இருக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். சாமிகளை நான் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. வேதாளத்தை மட்டும் கொண்டுவருகிறேன். கேள்வி கேட்டு வழிமறிக்க அதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைக்கும்?

மொழி? தமிழிலேயே ஆடலாம். விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் நடத்துபவர் ஒருவர் படித்தால் போதும்.

சின்னக் குழந்தைகள்? எட்டு வயதுக்கு மேல் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, கட்டை உருட்டும் வேலையைக் கொடுங்கள். வேடம் செத்தால் பிள்ளை அழும். அதற்காக ஆடத் தொடங்கும் முன்பே ஆளுக்கு இரண்டு வேடம் எழுதிவையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நடத்துபவர் தவிர மூன்று முதல் ஐந்து பேர், மூன்று மணி நேரம், ஒரு மேசை, பென்சில். கெர்னில் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்தும் அரக்கன் என்ன ஆனான் என்று பிள்ளைகள் கேட்டால் பேசிக் ஃபேன்டசிக்கு மாறுங்கள். பழைய நூலின் கணக்குப்படி தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். சுரங்கத்தில் இறங்கும் முன் கூட ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.