கண்ணாடிக்குள் அடைபட்ட செவ்வாய்க் காற்று

1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டி அருகே வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. அதை ஆராய்ந்த ஆஸ்திரியக் கனிமவியலாளர் குஸ்தாவ் செர்மாக், 1872இல் விசித்திரமான ஒரு பொருளைப் பற்றி எழுதினார். அதன் வடிவம் சாட்சாத் படிகத்தின் வடிவம். ஆனால் நுண்ணோக்கியில் ஒளியைப் பாய்ச்சினால் கண்ணாடியைப் போல நடந்துகொண்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மாஸ்கெலின் நினைவாக அதற்கு ‘மாஸ்கெலினைட்’ என்று பெயரிட்டார்.

இது எப்படி உருவாகும்? 1963இல் வெடிமருந்தைக் கொண்டு பாறையை அதிரவைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போலச் சுமார் 3 லட்சம் மடங்கு அழுத்தம் கண நேரம் பாய்ந்தால் போதும், அணுக்களின் அடுக்கு குலைந்துவிடும். வெளிக்கோடு அழியாமல் உள்ளே புள்ளிகள் மட்டும் கலைந்த கோலம்தான் மாஸ்கெலினைட்.

அடி இன்னும் பலமானால் பாறையே உருகும். உருகியது நொடிகளில் உறையும்போது, சுற்றியிருந்த காற்றும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அண்டார்க்டிகாவில் கிடைத்த ஈஈடிஏ 79001 என்ற விண்கல்லில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஆங்காங்கே கறுத்த கண்ணாடித் திட்டுகள் இருந்தன. அவை உருகிய காலத்தைக் கணிக்கத்தான் நாசாவின் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும் அவற்றைச் சூடாக்கினார்கள். கிளம்பிய வாயுவோ வேறு கதை சொன்னது.

ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறுபடும் அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள். பூமியின் காற்றில் ஆர்கான்-36ஐப்போல ஆர்கான்-40 சுமார் 300 மடங்கு இருக்கிறது. கண்ணாடி வாயுவில் இந்த மடங்கு 2,000ஐத் தாண்டியது. செனான் அணுக்களின் விகிதமும் பூமியோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்கே அளந்த காற்றோடு பொருந்தியது! 1983இல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே நைட்ரஜனும் அதற்குச் சாட்சி சொன்னது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெலிந்த காற்று அகப்பட்டதே பெரிது. அதன் முகவரி கலையாமல் இருந்தது அதைவிடப் பெரிது. ஷெர்காட்டிக் கல்லும் இதே குடும்பம்தான். ஆக, செர்மாக் தம்மை அறியாமலே ஒரு செவ்வாய்ப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்குப் போகாமல் இத்தகைய பாறையைப் பார்க்க வேண்டுமா? மகாராஷ்டிரத்தில் விண்கல் மோதி உருவான லோணார் பள்ளம் இருக்கிறது. 1.8 கி.மீ. அகலம். செவ்வாயின் பெரும்பகுதியைப்போல இங்கேயும் அடித்தளம் பசால்ட் எரிமலைப் பாறை. பூமியில் பசால்ட்டில் விழுந்த பள்ளங்கள் மிகச் சில. மாஸ்கெலினைட் இங்கே உண்டு என்பது 1973இலேயே தெரிந்துவிட்டது. மோதிய விண்கல்லின் துண்டு ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. ஆனால் மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணாடி உருண்டைகளில், சுற்றியுள்ள பசால்ட்டில் இருப்பதைவிட நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகிய மூன்றுமே கூடுதலாக இருக்கின்றன. அந்த உபரி, வந்து மோதியவரின் பங்கு.