கையெழுத்து மட்டும் போதாது

வயது வந்தவர்களை வகுப்புக்கு அழைத்துவிடலாம். தொடர்ந்து வரவைப்பதுதான் கஷ்டம். அதற்குச் செங்கோட்டை வட்டாரத்துப் பெண்களிடமே வழி இருக்கிறது.

பீடித்தட்டு மடியில் இருக்கும்வரை சிலேட்டுக்கு இடமில்லை. தென்காசி, செங்கோட்டை, கடையம், ஆலங்குளம் பக்கம் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுகளைக் கடையில் ஒப்படைத்து, வீட்டுக்கு வந்து உலை வைத்து இறக்கிய பிறகுதான் இந்தப் பெண்களுக்கு நேரம். நடவும் களையெடுப்பும் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சீசன் கடைகளில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பள்ளிக்கூட மணியை வைத்துக்கொண்டு இவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது.

நேரத்தைவிடப் பெரிய தடை கூச்சம். ஐம்பது வயதில் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில், அவள் உட்காருகிற தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். எதிரே சொல்லித்தர நிற்பது பக்கத்துத் தெருப் பெண். அவள் தாயாருக்குப் பிரசவம் பார்க்கக்கூட இந்த ஆச்சி போயிருப்பார். அந்தப் பெண் “இதுகூடத் தெரியலையா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மறுநாள் ஆச்சிக்குக் காய்ச்சல் வந்துவிடும். “சித்தி, மதினி, ஆச்சி” என்று முறை வைத்துக் கூப்பிட்டு, தப்பாக எழுதினாலும் அதில் சரியாக வந்த எழுத்தை முதலில் காட்டுகிற தன்னார்வலரிடம் மட்டும் கூட்டம் குறையாது.

நாள் முழுக்க பீடி சுற்றுகிற விரல்களைக் கவனித்தால் இந்தக் கூச்சம் இன்னும் நன்றாகப் புரியும். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குகிற அந்த விரல்கள், பென்சிலைப் பிடித்ததும் விறைத்துப்போகின்றன. அழுத்துகிற அழுத்தில் முனை ஒடிகிறது. ‘நமக்கு வராது’ என்ற முடிவுக்கு அந்தப் பெண் வருவது அந்த இடத்தில்தான். கை பழகச் சில வாரங்கள் ஆகும், அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தங்குவார்கள்.

மீதிப் பேரைத் தங்க வைக்க, படிப்பு அந்த வாரமே கைக்கு உதவ வேண்டும். 1963-இல் பிரேசிலின் அஞ்சிகோஸ் ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேர அளவில் எழுத்தறிவித்தபோது, அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களிலிருந்துதான் எழுத்தைத் தொடங்கினார். 1990-களின் தொடக்கத்தில் நம்மூரில் அலையடித்த அறிவொளி இயக்கமும் இதை உணர்ந்திருந்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். நெல்லைச் சீமை அறிவொளி அனுபவங்களை எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாகவே எழுதியிருக்கிறார்.

லோன் அட்டையே பாடப்புத்தகம்

இன்றைக்குச் செங்கோட்டைப் பக்கத்துப் பெண் அன்றாடம் புழங்குகிற காகிதங்கள் இரண்டு. ஒன்று, பீடிக் கணக்குப் புத்தகம். மற்றொன்று, குழு லோன் அட்டை. வகுப்பில் எந்தப் பாடத்துக்கும் எழாத ஆர்வம் இந்த அட்டையை வெளியே எடுத்ததும் எழுகிறது. “ஏ டீச்சர், நாளைக்கு லோன்காரர் வாராரு. இதுல எம்புட்டு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு” என்று நீட்டுகிறார்கள். விவரம் தெரிந்த தன்னார்வலர் அதை வாசித்துக் காட்ட மாட்டார். “நீங்களே வாசிப்பீங்க ஆச்சி, விரலை வைங்க” என்பார்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கடன் 40,000 ரூபாய். மாதத் தவணை 2,150. மொத்தம் 24 தவணை. பெருக்கினால் 51,600 வருகிறது. வாங்கியதைவிட 11,600 கூடுதல். கட்டணம், காப்பீடு என்று ஆரம்பத்திலேயே பிடித்தது தனி. பெருக்கல் தெரிந்த அன்றைக்குத்தான் இந்த 11,600 கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்ட பெண்ணை வகுப்புக்கு வா என்று கூப்பிடத் தேவையில்லை. அவரே பக்கத்து வீட்டு மதினியையும் இழுத்துக்கொண்டு வருவார்.

கைநாட்டைவிட ஆபத்து

என் கவலையெல்லாம் இங்கேதான். நம்மூரில் ‘எழுதப் படிக்கத் தெரியும்’ என்பதைக் கையெழுத்துப் போடுவதோடு முடித்துக்கொள்கிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கைநாட்டு வைக்கிறவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்ட வேண்டும், சாட்சி வேண்டும் என்று ஒரு வழக்கமாவது இருந்தது. தன் பெயரை எழுதத் தெரிந்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடுகிறது. போட்ட கையெழுத்து ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. பெயரை மட்டும் வரையத் தெரிந்த பெண், கைநாட்டு வைத்த தன் தாயைவிட அதிக ஆபத்தில் நிற்கிறார்.

குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் விழும் என்ற நிபந்தனைக்கும் அதே கையெழுத்துதான். சிறுகடன் விவரங்களைக் கடன் பெறுபவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் தமிழில் அச்சடித்த தாளையும் வாசிக்கத் தெரிந்தவர்தானே வாசிக்க முடியும்?

இப்போதெல்லாம் போனே வாசித்துக் காட்டுகிறது, பெரியவர்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எதை வாசிக்கச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் போன் சொல்லித் தராது.

மலைக்கு அந்தப் பக்கம்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. கணவாயைத் தாண்டினால் கேரளத்தின் கொல்லம் மாவட்டம். அங்கே 105 வயதில் பாகீரதி அம்மா நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வை எழுதி, 275-க்கு 205 மதிப்பெண் வாங்கினார். ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 எடுத்தார். அவர்களின் வயது செய்தியானது. நாம் கவனிக்க வேண்டியது அங்கே இருக்கும் ஏணியை. எழுத்தறிவு முடிந்ததும் நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று அடுத்தடுத்த படி காத்திருக்கிறது. ஏற ஒரு படி தெரிகிறபோது மனிதர்கள் கால் வைக்கிறார்கள்.

நம்மிடமும் இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண் என்று 150-க்குத் தேர்வும் உண்டு. அந்தத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மையமும் ஒரு காரியம் செய்யட்டும். படிக்க வந்தவர் தன் லோன் அட்டையையும் பீடிக் கணக்கையும் தானே வாசித்து, கூட்டி, ‘இது ஏன் இப்படி?’ என்று ஒரு கேள்வியாவது கேட்கட்டும். கேள்வி கேட்டவரைத் தேர்ச்சி பெற்றவராக எழுதிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எழுதியவரை, தயவுசெய்து இன்னும் ஆறு மாதம் கூடவே வைத்திருங்கள்.