20 ஓட்டு... 135 ஓட்டு! ஆட்சிக் கணக்கையே ஆட்டி வைத்த காரைக்கால்

காரைக்கால்-

"நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது?" என்று ஓட்டுப்பதிவு நாளில் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊரில் எப்படியோ, காரைக்காலில் அந்தப் பேச்சு எடுபடாது. 20 ஓட்டில் ஒரு எம்.எல்.ஏ. ஜெயித்த ஊர் இது. 135 ஓட்டில் இன்னொரு எம்.எல்.ஏ. கரையேறியதும் இங்கேதான். இரண்டு பேருமே பிற்பாடு புதுச்சேரி மந்திரிசபையின் கூட்டல் கழித்தலில் வந்து நின்றார்கள்!

கவர்னருக்குப் பெட்டி இல்லை

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வாஷிங்டன் மாநிலத்தில் 2004-ம் ஆண்டு நடந்த கவர்னர் தேர்தலில் பழைய கவர்னர் நிற்கவில்லை. காலி நாற்காலிக்கு இரண்டு பேர் கடும் போட்டி. 28 லட்சம் ஓட்டு விழுந்தது. முதல் எண்ணிக்கையில் டினோ ரோஸி 261 ஓட்டு முன்னணி. மறுபடி எண்ணினார்கள், அது 42 ஆகக் குறைந்தது. மூன்றாவது தடவை கையால் எண்ணியபோது எல்லாம் தலைகீழ்! கிறிஸ்டின் கிரிகோயர் என்ற பெண்மணி 129 ஓட்டில் கவர்னர் ஆனார்.

நம் நாட்டில் கவர்னருக்கு ஓட்டுப் பெட்டி கிடையாது. டெல்லி அனுப்பி வைக்கும். புதுச்சேரிக்கும் அப்படியே, லெப்டினென்ட் கவர்னர். எம்.ஓ.எச்.பரூக், ஜார்கண்டுக்கும் 2011-ல் கேரளாவுக்கும் கவர்னர் ஆனாரே, அதுவும் நியமனம்தான். ஆனால் 1967-ல் 29 வயதில் அவர் புதுச்சேரி முதல்-மந்திரி ஆனது சட்டசபைக் கணக்கில். இங்கே மக்கள் ஓட்டு எட்டுகிற உச்சாணி நாற்காலி முதல்-மந்திரி நாற்காலி. அதைத் தீர்மானிப்பது தேர்ந்தெடுக்கப்படும் 30 எம்.எல்.ஏ.க்கள். அதில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகிக்கு 1, ஏனாமுக்கு 1.

தமிழ்நாட்டில் ஒரு தொகுதி என்றால் ஓட்டர்கள் லட்சக்கணக்கில். காரைக்காலில் ஒரு தொகுதிக்குச் சுமார் 30 ஆயிரம். தெருவுக்குத் தெரு யார் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் அவ்வளவு கனம்.

மூன்று வார மந்திரிசபை

இந்தக் கதை இன்று நேற்று தொடங்கியது அல்ல. 1974 ஜனவரி 3-ந் தேதி பரூக் தலைமையில் இருந்த தி.மு.க. மந்திரிசபை போயிற்று. நாற்காலி காலி. எம்.ஜி.ஆர். 1972-ல் தொடங்கிய அண்ணா தி.மு.க. களத்தில் குதித்தது.

முடிவு வந்தது. அண்ணா தி.மு.க.வுக்கு 12, கூட்டாளி இந்திய கம்யூனிஸ்டுக்கு 2. மொத்தம் 14. எதிர்த்தரப்பில் இந்திரா காங்கிரசுக்கு 7, பழைய காங்கிரசுக்கு 5, தி.மு.க.வுக்கு 2, மார்க்சிஸ்டு 1, சுயேச்சை 1. அங்கே 16!

14 பேரை வைத்துக்கொண்டே காரைக்கால்காரரான எஸ்.ராமசாமி மார்ச் 6-ந் தேதி முதல்-மந்திரி ஆனார். எம்.ஜி.ஆர். கட்சி நாட்டிலேயே முதன்முதலாகக் கோட்டை ஏறியது சென்னையில் அல்ல, புதுச்சேரியில்தான். சென்னையில் எம்.ஜி.ஆர். பதவி ஏற்க 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் சபையில் தலை எண்ணும் நாள் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. மார்ச் 28-ந் தேதி மந்திரிசபை கவிழ்ந்தது. மூன்றே வாரம்! இரண்டு ஆள் குறைவு, அவ்வளவுதான். அதற்குக் கொடுத்த விலையோ மூன்று வருஷத்துக்கும் மேல் ஜனாதிபதி ஆட்சி.

1977 ஜூலையில் ராமசாமி மறுபடி முதல்-மந்திரி ஆனார். அப்போதும் கட்சிக்குக் கிடைத்தது 14 தான். 1978 நவம்பரில் அதுவும் கவிழ்ந்தது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுக்க, ஊரே கொந்தளித்தது. 1980 தேர்தலில் அண்ணா தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

அசனாவின் 20 ஓட்டு

இப்போது 2016-க்கு வருவோம். காரைக்கால் தெற்கு தொகுதி. தி.மு.க. சார்பில் முன்னாள் மந்திரி ஏ.எம்.எச்.நாஜிம். அ.தி.மு.க. சார்பில் கே.ஏ.யு.அசனா. எண்ணி முடித்தபோது அசனா 20 ஓட்டில் வெற்றி!

20 ஓட்டு என்றால், 11 பேர் இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கம் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். ஆனாலும் அன்றைக்கு அது பெரிய சங்கதியாகத் தெரியவில்லை. காங்கிரசுக்கு 15, தி.மு.க.வுக்கு 2 என்று கூட்டணி 17 வைத்திருந்தது. நாராயணசாமி முதல்-மந்திரி ஆனார். ஒரு இடம் போனால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

வினை ஐந்தாவது வருஷம் வந்தது. 2021 ஜனவரி முதல் எம்.எல்.ஏ.க்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா. பிப்ரவரி 16-ந் தேதி லெப்டினென்ட் கவர்னர் கிரண்பேடி மாற்றப்பட்டார். 22-ந் தேதி நம்பிக்கை ஓட்டு. அன்றைய பலம் இதுதான்: ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்த்தரப்பில் என்.ஆர்.காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, நியமன எம்.எல்.ஏ.க்களான பா.ஜனதாவினர் 3, மொத்தம் 14.

அந்த 4 பேரில் ஒருவர், 20 ஓட்டில் ஜெயித்த அசனா!

காரைக்கால் தெற்கில் அந்த 11 பேர் மாற்றிப் போட்டிருந்தால் பலம் 13-க்கு 13. சபாநாயகர் சமமாக வந்தால்தான் ஓட்டுப் போடுவார் என்பதால் அவரைக் கழித்துப் பார்த்தாலும் 12-க்கு 13. அப்போதும் தோல்விதான், ஆனால் ஒரே ஒரு ஓட்டில்! நடந்ததோ 11-க்கு 14. ஓட்டெடுப்புக்கு முன்பே நாராயணசாமி வெளிநடப்பு செய்தார். ராஜினாமா கடிதம் போயிற்று. ஆட்சி முடிந்தது.

ஓட்டுப் போடாமல் வந்த ஓட்டு

இதில் ஜனங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. அந்த 3 நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு எந்தத் தெருவிலும் யாரும் ஓட்டுப் போடவில்லை. 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டப்படி மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். 2017-ல் நியமித்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நியமனம் செல்லும் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கும் சபையில் ஓட்டு உண்டு.

மக்கள் கையில் இருப்பது 30 தான். மேலே இருந்து 3 வரும். அப்படி இருக்கும்போது 30-ல் ஒன்று கைநழுவினாலும் அடி பலமாகத்தான் விழும்.

135-ல் தப்பிய 16

அதே 2021. ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டுப்பதிவு, மே 2-ந் தேதி எண்ணிக்கை. என்.ஆர்.காங்கிரஸ் 10, பா.ஜனதா 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6. ரங்கசாமி அணிக்குச் சரியாக 16. அரை மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

அந்தப் பதினாறில் ஒன்று காரைக்கால் வடக்கு. என்.ஆர்.காங்கிரசின் பி.ஆர்.என்.திருமுருகன், காங்கிரசின் ஏ.வி.சுப்பிரமணியனை வென்றது வெறும் 135 ஓட்டில். 68 பேர் மனசு மாறியிருந்தால் அணி 15-ல் நின்றிருக்கும். சுயேச்சைகள் வீட்டு வாசலில் கார் வரிசை கட்டியிருக்கும்.

20 ஓட்டில் தோற்ற நாஜிம் என்ன ஆனார்? அதே காரைக்கால் தெற்கில், அதே அசனாவை எதிர்த்து, 12 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இருபதை எட்ட முடியாதவர் ஐந்தே வருஷத்தில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினார். ஆனால் அவர் கூட்டணி ஆட்சி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

தூரத்து ஊரின் ஆயுதம்

காரைக்காலில் இருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தாண்டித்தான் தலைநகரைப் பார்க்க முடியும். ஒரு கையெழுத்துக்கு பஸ் ஏறினால் அன்றைய பொழப்பு போச்சு. "எங்களை எங்க கண்டுக்குறாங்க?" என்ற புலம்பல் இங்கே பழசு.

தூரத்தைக் குறைக்க முடியாது. 5 தொகுதியை 10 ஆக்கவும் முடியாது. ஆனால் புதுச்சேரி சட்டசபைக் கணக்கு எப்போதும் 14, 16 என்று கத்தி முனையில் நிற்கிறபோது, அந்த 5 தொகுதியும் தராசில் வைக்கிற படிக்கல். இதைக் கட்சிக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் தெருத் தெருவாக வருவது அதனால்தான். தெரியாமல் இருப்பது வீட்டிலேயே படுத்துக்கொள்கிற ஓட்டருக்குத்தான்.

தெற்கில் 11 பேர், வடக்கில் 68 பேர். இரண்டையும் கூட்டினால் 79. ஒரு டவுன் பஸ்சில் நெருக்கியடித்து ஏறினால் அடங்கிவிடுகிற கூட்டம் அது!