பழைய இயந்திரங்களைப் படம் பிடிப்போம்

தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகள் பல இன்று மூடிக் கிடக்கின்றன. அவற்றின் இயந்திரங்களிற் பல பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றையாவது படம் பிடித்து வைக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது கொழுந்தைக் கைகளே உருட்டின. பின்னர் வில்லியம் ஜாக்சன் அமைத்த றோலர்கள் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலுள்ள மார்ஷல் கம்பனியிலிருந்தும், சாமுவேல் டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்திகள் பெல்பாஸ்ட்டிலிருந்தும் வந்தன. 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்ததும் பாரமான இயந்திரங்களை மலைக்குக் கொண்டுவருவது இலகுவாயிற்று. ஒரே எஞ்சின் கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்ற, வார்ப்பட்டிகள் அந்த வேகத்தை ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கொடுத்தன. சுழலும் சக்கரத்தை 'ரோதை' என்றனர் எம்மவர். அதற்கு ஒரு காவல் தெய்வத்தையும் கண்டு 'ரோதமுனி' என வழிபட்டனர். ஆபத்தோடு உழைத்தவர்களின் அச்சமும் நம்பிக்கையும் அப்பெயரில் இருக்கின்றன.

பாதுகாக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாக மாறியபோதும் பழைய இயந்திரங்கள் சில அங்கேயே வைக்கப்பட்டன. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில் 2007 இல் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் எல்லா ஸ்டோர்களும் அருங்காட்சியகமாக முடியாது. ஆகவே, படம் பிடிக்கும் பொறுப்பை எமது இளைஞர் மன்றங்கள் ஏற்கலாம். இன்று கைத்தொலைபேசியே போதும்.

முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள். ஓடும் வார்ப்பட்டிக்கு அருகில் செல்லாதீர்கள். தளர்ந்த உடையும் வேண்டாம். பளிச்சிடும் விளக்கைத் தவிர்த்து, காலையில் பக்கத்து யன்னலால் வரும் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். வார்ப்பிரும்பின் எழுத்துகள் அதில் தெளிவாகத் தெரியும். முழு இயந்திரம், அதன் பெயர்த்தகடு, தேய்ந்த கைப்பிடி என்று மூன்று படங்களாவது எடுங்கள். ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டியும், அதில் தோட்டப் பெயர் பதிக்கும் அச்சுத்தகடும் கிடைத்தால் அவற்றையும் விடாதீர்கள். கடதாசிச் சாக்குகள் வந்தபின் அப்பெட்டிகள் அரிதாகிவிட்டன.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. அந்த இயந்திரத்தில் வேலை செய்தவர் உயிரோடு இருந்தால், அவர் விரும்பினால், அவரையும் அதனருகே நிறுத்திப் படமெடுங்கள். ஸ்கோவன், பிளாட்டே போன்ற நிறுவனங்கள் அக்காலத்தில் எடுத்த படங்களில் எமது முன்னோர் நிற்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். இயந்திரத்தைச் செய்த கம்பனியின் பெயர் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை ஓட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. இக்குறையை நாமே தீர்க்கலாம்.

படத்துடன் பெயர், தோட்டம், செய்த வேலை, படம் எடுத்த திகதி ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலையிலும் மற்றொன்றை ஆலயத்திலும் வையுங்கள். எங்கள் பாட்டனார் என்ன வேலை செய்தார் என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு எம்மிடம் ஒரு படம் இருக்கட்டும்.