தயிர்சாதப் பூனைக்கு ஃப்ரீஸ்-ட்ரைடு கறி

காஞ்சிபுரத்தில் பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி வாசத்துக்கு எலி வரும், எலிக்காகப் பூனை வரும். சைவ வீட்டில் அதற்குக் கிடைப்பது தயிர்சாதம். வெளியே எலி பிடிக்கிறவரை பெரிய பாதகமில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்த்தால்தான் சிக்கல். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது; சோற்றிலும் அது கிடையாது, இறைச்சியில்தான் உண்டு. அது குறைந்தால் இதயத் தசை பலமிழக்கும் என்று 1987-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது.

"கறி சமைக்க முடியாது, ஃப்ரீஸ்-ட்ரைடு பச்சைக்கறி பாக்கெட் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் மூன்று விஷயம் பாருங்க.

ஒன்று, அட்டையில் 'கம்ப்ளீட்' என்று இருக்கணும். 'ட்ரீட்' என்றால் நொறுக்குத்தீனி.

இரண்டு, இந்த முறை ஈரத்தை எடுக்குமே தவிர, சால்மோனெல்லாவைக் கொல்லாது. உயர் அழுத்தத்தில் கிருமி குறைத்ததா என்று பாருங்க; தொட்டதும் கை கழுவுங்க. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகனில், உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற பூனை பறவைக் காய்ச்சலில் செத்தது.

மூன்று, தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்க. நம்ம ஊர் வெக்கையில் மிச்சத்தை வைக்காதீங்க.

வீட்டில் கைக்குழந்தையோ வயசானவரோ இருந்தால் என் ஓட்டு, வேகவைத்துத் தயாரித்த சாதாரண 'கம்ப்ளீட்' உணவுக்கே. அதிலும் டாரின் உண்டு, விலையும் குறைவு. ஃபெர்ரெட்டும் இறைச்சியுண்ணிதான், அதற்கும் தயிர்சாதம் ஆகாது.